சிவப்புப் பூவும் ஒல்சா ஆற்றுப் பாலமும்

1

இன்று என் இளைய மகள் கலாவுக்கு எட்டு வயது. நான் அவளைக் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு நாற்பது நாள். முகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் காலின் அளவு எனக்குச் சரியாகத் தெரியும். போன சித்திரையில் மனைவி பரமேஸ் எழுதிய கடிதத்துக்குள் ஒரு கொப்பித் தாள் இருந்தது. அதில் பிள்ளையின் வலது காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பியிருந்தாள். "லண்டன் குளிராம். சப்பாத்து வாங்கி வையுங்கோ. வளருற கால், கொஞ்சம் பெரிசாப் பார்த்து வாங்குங்கோ" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையில் அந்தத் தாளைக் காட்டி வாங்கினேன். கறுப்புச் சப்பாத்து, பட்டி வைத்தது. சுவாமி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அங்கே சப்பாத்து வைப்பது சரியில்லையென்று தெரியும். இந்த ஒரு அறையில் பூட்டுப் போடக்கூடிய வேறு அலுமாரி இல்லை.

பரமேசும் கலாவும் எங்கே இருக்கிறார்கள் என்று ஆறு கிழமையாக எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. இந்தப் பத்திரிகை கொழும்புக்கும் வன்னிக்கும் போகிறதென்று சாமான் கடைக்கார அண்ணை சொன்னபடியால்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பெயர் மாறினாலும் அந்தக் காலைக் கீறியவளுக்குத் தெரியும்.

2

நான் வெளிக்கிட்டது ஒரு ஏஜென்சிக்காரரின் புத்தியில். "ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், கைக்குழந்தை வேண்டாம்" என்றார். அப்போது ஐந்து வயதாக இருந்த மூத்தவள் சுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மற்ற இருவரையும் ஆறு மாதத்தில் எடுப்பதென்று பேச்சு.

இங்கே வந்து அகதி விண்ணப்பக் கோப்பு அசைய மூன்று வருசம். பிறகு வந்த கடிதத்தில், இருக்கலாம், ஆனால் நாலு வருசம் பொறுத்துத்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று இருந்தது. நாலு வருசமும் பொறுத்தேன். விண்ணப்பம் போட்டதும் ஒரு கேள்வித்தாள் வந்தது. "கடந்த நாலு வருசத்தில் மனைவியை எத்தனை தடவை சந்தித்தீர்கள்?" சுதாதான் வாசித்துச் சொன்னாள். ஒரு தடவையும் இல்லை என்று எழுதச் சொன்னேன். அப்படியானால் இந்தத் திருமணம் உண்மையில் நடப்பிலுள்ளதென்பதற்கு அத்தாட்சி தாருங்கள் என்று அடுத்த கடிதம். நான் கலியாணப் படத்தையும் இரண்டு பேரின் சாதகக் கட்டையும் அனுப்பினேன். சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அப்பா, இவைக்கு இது என்னெண்டே தெரியாது. கணக்குக் கொப்பியெண்டு நினைச்சிருப்பினம்" என்று சுதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது யோசிக்கிறேன், அன்றாவது அவளோடு சேர்ந்து சிரித்திருக்கலாம்.

3

எனக்கு வேலை நோர்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில். பகல் ஷிப்ட். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, தேத்தண்ணி கொடுப்பது. அங்கே ஸ்டெஃபான் என்று ஒரு போலந்துக்காரரும், யோசெப் என்று ஒரு செக் நாட்டுக்காரரும் இருக்கிறார்கள். இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். இருவரும் ஒரே பட்டணத்தில் பிறந்தவர்கள், ஆனால் ஆற்றுக்கு எதிர்ப்பக்கங்களில். ஆற்றின் பெயர் ஒல்சா. அவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பங்குக் கிணற்றுக்கு இரண்டு வீட்டுக்காரர் வழக்குப் பேசுவார்களே, அதே கதைதான் அந்தப் பட்டணமும். முதலாம் மகாயுத்தம் முடிந்து பழைய இராச்சியம் உடைந்தபோது இரண்டு புது நாடுகளும் அது தனக்கென்று நின்றன. 1920இல் பெரிய நாட்டுத் துரைமார் பாரிசிலிருந்து ஆற்றோடு கோடு போட்டார்கள். பழைய பட்டணமும் கடைத்தெருவும் போலந்துக்கு. ரயில் ஸ்டேஷன் செக்காரருக்கு. பாலத்தால் ஓடிய டிராம் நின்றது. பதினெட்டு வருசம் கழித்து ஜெர்மன்காரன் செக்காரரின் மலைப்பக்கத்தைப் பிய்த்தபோது, அந்த நேரம் பார்த்துப் போலந்து தன் பங்குக்கு மற்றக் கரையைப் பிடித்தது. ஒரு வருசம் ஆகமுதல் ஜெர்மன்காரன் இரண்டு கரையையும் விழுங்கிவிட்டான்.

இது நடந்த கதை. இந்த இரண்டு கிழவரும் எழுதிக்கொண்டிருந்தது நடக்காத கதை.

செவ்வாய்க்கிழமை தோறும் சாப்பாட்டு மேசையில் ஒரு ஐரோப்பியப் படத்தை விரிப்பார்கள். எல்லையெல்லாம் சிவப்புப் பென்சில். படைகளுக்குப் பொத்தான். வருசத்துக்கு ஒரு கொப்பி. அவர்கள் கதையில் 1920இல் துரைமார் கோடு போடவில்லை. இரண்டு நாட்டாரும் நேரே இருந்து பேசி ஸ்டேஷனைப் பொதுவில் வைத்தார்கள். டிராம் நிற்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருசமாக, ஆர் ஆரோடு சேர்ந்திருப்பான், ஆர் காலை வாரியிருப்பான் என்று சண்டை பிடித்துப் பிடித்து எழுதினார்கள். ஒரு கொப்பியில் ருமேனியாக்காரன் கூட வருவான். அடுத்ததில் ஹங்கேரிக்காரன் இழந்த காணியைத் திருப்பித் தா என்று வடக்கே படை அனுப்புவான், ருமேனியாக்காரன் பின்வாங்குவான். பிரான்சுக்குச் சட்டையின் வெள்ளைப் பொத்தான்.

"ஏன் அவனுக்கு மட்டும் சின்னப் பொத்தான்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அது ரெண்டு தரம் கழுவினாக் கழண்டு போயிடும்" என்றார் ஸ்டெஃபான்.

1939 புரட்டாதி வரைக்கும் பாலத்தைத் திறந்தபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்களின் நோக்கம். யோசெப்பின் தங்கை பாலத்துக்கு அந்தப் பக்கம் கலியாணம் செய்து போனவளாம். அவள் என்ன ஆனாளென்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

4

போன வருசம் அவர்கள் 1934இல் இறுகிப்போனார்கள். போலந்து ஜெர்மன்காரனோடு ஒப்பந்தம் எழுதுமா, செக்காரரோடு சேருமா என்பதில் பேச்சு முற்றியது.

"உன்னை நம்பி ஒப்பந்தமோ? ஸ்டேஷன் திருடன்!" என்றார் ஸ்டெஃபான்.

"நீ ஆர்? ஓநாய் கடிச்சுப்போட்ட மிச்சத்தைத் தின்னவந்த நரி!"

இரண்டு கிழமை ஒரே மேசையில் சாப்பிடவில்லை. ஸ்டெஃபான் மருந்தையும் எடுக்கமாட்டேன் என்று நின்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"மிஸ்டர் சிவா, நீ தீர்த்து வை" என்றார் யோசெப்.

"எனக்கு இந்தச் சரித்திரம் ஒண்டும் தெரியாது, ஐயா."

"அதாலைதான். அதோடை எங்கள் ரெண்டு பேரையும் உனக்கு ஒரே அளவு பிடிக்காது. உன்னைவிட நல்ல நீதவான் எங்கை கிடைக்கும்?" என்றார் ஸ்டெஃபான்.

எனக்குத் தெரிந்த தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான். பூக்கட்டிப் பார்ப்பது. சிவப்பொன்றும் வெள்ளையொன்றும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சுவாமி காலடியில் வைத்து, ஒரு பிள்ளையைக் கொண்டு எடுப்பிப்பது. எங்கள் கலியாணமே அப்படித்தான் ஆனது. பரமேசின் தகப்பனார் கோயிலில் கட்டிப் பார்த்தார், சிவப்பு வந்தது, அடுத்த நாள் சம்மதம் சொல்லி ஆள் வந்தது.

ஜன்னல் சாடியில் சிவப்பிலும் வெள்ளையிலும் ஜெரேனியம் நின்றது. பூவைக் கிள்ளித் தடித்த தாளில் மடித்தேன். கிழவர் இருவரும் குழந்தைகள் போலக் கிட்ட வந்து பார்த்தார்கள்.

"கோடு சிவப்பு. அதாலை சிவப்பு வந்தால் கோடு நிக்கும், ஒருத்தரும் அசையக்கூடாது. வெள்ளை வந்தால் கடக்கலாம்" என்று யோசெப் விதி வைத்தார்.

எடுத்தால் வெள்ளை. போலந்து கோட்டைக் கடந்து வந்து செக்காரரின் கையைப் பிடித்தது. ஸ்டெஃபான் சத்தம் போடாமல் மருந்தை விழுங்கினார்.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நான்தான் பூக்கட்டினேன். சிவப்பு நில், வெள்ளை கட. ஒவ்வொரு முறையும் வாய்க்குள் "முருகா" என்றுதான் மடித்தேன். பூக்கட்டிப் பார்ப்பது விரதம் இருந்து, வேறு வழியில்லாத காரியத்துக்கு மட்டும் செய்ய வேண்டியது. நான் பொத்தான்களுக்காகச் செய்தேன். ஒரு வருசம் செய்தேன்.

5

இந்த ஆவணியில் பரமேசின் கடிதம் வந்தது. கொழும்பில் விசாவுக்கு நேர்முகம், புரட்டாதிக் கடைசியில் திகதி. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அப்போது கடலேரியை இரவில், நேவியின் கண்ணில் படாமல், வள்ளத்தில் கடக்க வேண்டும். அந்தக் கடப்பைப் பற்றி இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"போன கிழமை போன வள்ளம் ஒண்டு வந்து சேரேல்லையாம். எனக்கெண்டாப் பயமில்லை. கலாவை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு. இஞ்சையும் சண்டை வரப்போகுது எண்டு சனம் கதைக்குது. நீங்கள் வா எண்டா வாறன். நில் எண்டா நிக்கிறன். எனக்குத் தெரியேல்லை, நீங்களே சொல்லுங்கோ."

எட்டு வருசமாகப் பக்கத்தில் இல்லாதவனிடம் கேட்டிருந்தாள். மூன்று நாள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். லூயிஷாம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். ஆரிடம் கேட்டாலும் "நீங்கள்தான் அண்ணை யோசிக்க வேணும்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். ஸ்டேஷன் வாசலில் கார்னேஷன் பூ வாங்கினேன், சிவப்பொன்று வெள்ளையொன்று. வீட்டில் வேறு தாள் இல்லாததால் பூக்காரி சுற்றித் தந்த மெல்லிய தாளிலேயே கிழித்து மடித்து, விளக்கேற்றி, முருகன் படத்தின் முன் வைத்தேன். சிவப்பு வந்தால் நில், வெள்ளை வந்தால் வா என்று மனதுக்குள் நேர்ந்தேன். சுதாவைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடு பிள்ளை" என்றேன். அவள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள். எடுக்க நேரம் எடுத்தாள். நானும் கண்ணை மூடியிருந்தேன்.

பிரித்தால் சிவப்பு.

அன்றைக்கே எழுதினேன். "நில். சாமி சொல்லிப்போட்டார். ஒண்டுக்கும் யோசிக்காதை." கொழும்பில் ஒருவருக்கு அனுப்பி, வடக்கே போகிற ஆளிடம் கொடுப்பித்தேன். சுதா கேட்டபோது, "கடிதம் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

6

ஐப்பசி மழைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆமி கிட்ட வர, யாழ்ப்பாணம் முழுக்க ஒரே ரோட்டால், ஒரே பாலத்தால் வெளிக்கிட்டது. நாங்கள் தோர்ண்டன் ஹீத் கடை வாசலில் நின்று ரேடியோ கேட்டோம். கையில் டெலிபோன் கார்டு, எடுப்பதற்கு நம்பர் ஒன்றும் இல்லை. பாலத்தில் நெரிசலில் பிள்ளைகள் கைவிட்டுப் போனதென்று ஒருவர் சொன்னார். அவரைப் பிறகு நான் பார்த்துக் கதைப்பதில்லை. பாவம், அவர் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார்.

கடிதம் கொண்டுபோன ஆள் கொழும்புக்கு வந்து போன் எடுத்தார். அவர் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டது இதெல்லாம் நடக்கமுதல். "கையிலைதான் குடுத்தனான் அண்ணை. வாசிச்சா. வெளிக்கிடப் பெட்டி கட்டி வைச்சிருந்தவ போலை. 'அவர் சொன்னாச் சரி' எண்டு சொல்லிப் பெட்டியை அவிட்டவ."

அதே கிழமை இங்கத்தைய குடிவரவுக் கந்தோரிலிருந்தும் ஒரு கடிதம். மனைவி நேர்முகத்துக்குச் சமூகமளிக்காததால் கோப்பு மூடப்படுகிறது. விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனபோது கிழவர்களுக்கு விசயம் தெரிந்திருந்தது, இல்லத்தை நடத்தும் மேட்ரன் சொல்லியிருக்கிறாள். மேசையில் ஐரோப்பா இல்லை. எங்கிருந்தோ இலங்கைப் படம் ஒன்றை எடுப்பித்து விரித்திருந்தார்கள். கொப்பியில் புதுப் பக்கம்.

"இரு" என்றார் யோசெப். "உன்ரை மனிசி புரட்டாதியிலை வெளிக்கிட்டிருந்தால் எண்டு தொடங்குவம். எந்த இடத்திலை வள்ளம் ஏறுவா?" கடலேரிக்கு மேல் ஒரு பொத்தானை வைத்தார். நீலப் பொத்தான். பக்கத்தில் சின்னது ஒன்று.

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். நான் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே போட்டேன்.

"என்ரை மனிசி பொத்தானில்லை! என்ரை பிள்ளை பொத்தானில்லை!" தமிழில்தான் கத்தினேன். "உங்கடை விசர் விளையாட்டுக்குச் சாமியை இழுத்துத்தான் எனக்கு இந்தக் கதி!"

மேட்ரன் ஓடிவந்து என்னை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். யோசெப் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கடை பதினெட்டுக் கொப்பியிலும் பாலம் திறந்துதான் இருக்கு" என்றார். "எண்டாலும் என்ரை தங்கச்சி ஒரு கொப்பியிலும் வந்து சேரேல்லை. பொய் எழுதினால் வருவாள். எனக்குக் கை வரேல்லை." படத்தையும் கொப்பிகளையும் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார்கள். இப்போது இருவரும் டொமினோ விளையாடுகிறார்கள். சண்டை பிடிப்பதில்லை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஐயரிடம் போய்ச் சொன்னேன். "விளையாட்டுக்குப் பூக்கட்டினபடியால்தான் சாமி பிழையான பூவைத் தந்தவரோ?" என்று கேட்டேன். ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னார். செய்தேன். செவ்வாயும் வெள்ளியும் சாப்பிடுவதில்லை. ஆறு கிழமையாக முருகனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தண்டனை எனக்கென்றால் எனக்குத் தா, அந்த ரோட்டில் நடந்ததுகளுக்கு ஏன் தந்தாய்?

7

இன்று காலை கலாவின் பிறந்தநாளுக்கென்று கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்து விளக்கேற்றினேன். சுதா பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள். பதின்மூன்று வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அனேகமாக ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தி மூன்று வருசம். கும்பிட்டுவிட்டுப் போகிறவள் இன்று போகவில்லை.

"அப்பா, அந்தப் பூ விசயம்... திரும்பச் செய்வமோ?"

"வேண்டாம் பிள்ளை."

"இந்தமுறை நான் ஒழுங்காச் செய்வன்." கீழே பார்த்தபடி நின்றாள். "போனமுறை நான் சீட் பண்ணினனான்."

எனக்கு விளங்கவில்லை. என்ன ஏமாத்து என்று கேட்டேன்.

"கண்ணை மூடேல்லை. பேப்பர் மெல்லிசு தானே, விளக்கு வெளிச்சத்திலை கலர் தெரிஞ்சது. நான் வேணுமெண்டுதான் சிவப்பை எடுத்தனான்."

"ஏன் பிள்ளை?"

"சிவப்பெண்டா ஓம் தானே, அப்பா? அம்மா சின்னனிலை சொல்லித் தந்தவ. சிவப்பு வந்தபடியாத்தான் உங்களைக் கட்டினவவாம். அவை வரவேணும் எண்டுதான் எடுத்தனான்." பிறகு அழத் தொடங்கினாள். "நான் சீட் பண்ணினதாலைதான் சாமி கோவிச்சு அவையை வரவிடாமல் வைச்சிருக்கிறாரோ?"

சிவப்பென்றால் ஓம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். பரமேஸ் அப்படித்தான், அவள் தகப்பன் அப்படித்தான், நானும் லண்டனுக்கு வரும்வரை அப்படித்தான். சிவப்பை நில் என்று எனக்குப் பழக்கியது ஒல்சா ஆற்றுக் கோடு. ஒரு வருசச் செவ்வாய்க்கிழமைகள். சுவாமி முன்னால் நேர்ந்தபோதும் அந்தக் கணக்குத்தான் வாயில் வந்தது, அதை மாற்றி நினைத்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முருகன் பிழையான பூ எதுவும் தரவில்லை. பிள்ளை தாயை வா என்று கூப்பிட்டாள். நான் நில் என்று எழுதினேன்.

சுதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சுவாமிக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொன்னேன்.

"ஓம் பிள்ளை. சிவப்பெண்டா ஓம் தான். வா எண்டுதான் எழுதினனான். சாமி கோவிக்கேல்லை. வழி பிந்துது, அவ்வளவுதான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு பொங்கலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் போனபின் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுதாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டிருப்பேன். இன்றைக்கு அதனால்தான் இதை எழுத முடிகிறது. லண்டனில் இதை வாசிக்கிறவர்கள் ஆரையாவது சந்தேகித்தால், தயவுசெய்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். வன்னியிலோ தென்மராட்சியிலோ கொட்டிலிலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து வாசிக்கிறவர்கள், எட்டு வயதுப் பெண்பிள்ளையோடு தனியே நிற்கிற ஒரு தாயைக் கண்டால், பிள்ளையின் காலைக் கீறி லண்டனுக்கு அனுப்பினீங்களோ என்று கேளுங்கள். ஓம் என்றால் இந்தத் தாளை அவளிடம் கொடுங்கள்.

நீ வாசிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். சப்பாத்தைக் கொண்டுபோய் ஒரு அளவு பெரிதாக மாற்றி வைத்திருக்கிறேன். புது விண்ணப்பம் போட்டாகிவிட்டது. என் கடிதம் இன்னும் உன்னிடம் இருந்தால் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு, கையோடு கொண்டுவராதே. நீ வந்து சேர்ந்ததும், மூத்தவள் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பா வா எண்டுதானே எழுதினவர் என்று கேட்பாள்.

ஓம் எண்டு சொல்லு.